உழைப்பை எண்ண வைத்த கலைவாணர்

மக்களைச் சிரிக்க வைப்பது எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. மேடையேறி ஐந்து நிமிடம் முயன்று பார்த்தால் அதன் அருமை விளங்கிவிடும். சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்கவும் வைப்பது அதனினும் அரிது. அந்த அரிய செயலை இருபதாண்டுகளுக்கு மேல் தமிழ்த் திரையில் செய்து காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

அவர் மறைந்தது 1957-ஆம் ஆண்டில். நம்மில் எவரும் அவரைக் கண்டதில்லை. நம் தந்தையரும் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவருடைய படங்கள் பல இன்றும் நம்மிடம் இருக்கின்றன. அணுசக்தி நகரில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுதி அறையில் ஒன்று கூடிப் பழைய தமிழ்ப் படங்களைப் பார்ப்பது வழக்கம். படம் முடிந்த பிறகு நடக்கும் விவாதம் சில வேளைகளில் படத்தைவிட நீண்டுவிடும். அந்த விவாதங்களில் மற்ற நடிகர்களைவிட அதிகமாக அடிபட்ட பெயர் கலைவாணருடையது. காரணம், அவர் நம் துறையைத் தொட்டுப் பேசியவர். இயந்திரம் யாருக்காக? எந்த வேலை உயர்ந்தது, எது தாழ்ந்தது? அப்படி வகுத்தவர் யார்? இந்தக் கேள்விகளை அவர் ஆய்வுக்கூடத்தில் கேட்கவில்லை. கொட்டகையில், கடலை கொரித்துக்கொண்டிருந்த மக்களிடம் கேட்டார். அந்தக் கேள்விகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பந்து பொறுக்கிய சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. நான்காம் வகுப்போடு கல்வி நின்றது.

பள்ளி நின்றதும் வேலை தொடங்கியது. டென்னிஸ் ஆடும் இடத்தில் ஓடியோடிப் பந்து பொறுக்கிக் கொடுப்பது அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது மற்றொன்று. பிறர் விளையாடுவதற்காக ஒரு சிறுவன் உழைக்கிறான். பிறர் நாடகம் பார்ப்பதற்காக அதே சிறுவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை நடக்கிறான். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதைப் பொருளாதார நூல்களில் நாம் படித்துத் தெரிந்துகொள்கிறோம். கிருஷ்ணனுக்கு அது பத்து வயதிலேயே காலில் தெரிந்த உண்மை. பின்னாளில் திரையில் அவர் ஏற்ற வேடங்களில் வேலைக்காரரும் மீனவரும் ஊர்சுற்றியும் உயிரோடு நடமாடினார்கள் என்றால், அதற்கு விதை இங்கே விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

நாஞ்சில் நாட்டின் தனிச் சொத்து வில்லுப்பாட்டு. கோவில் கொடை விழாக்களில் இரவெல்லாம் நடக்கும் அந்தப் பாட்டுக்கதை சிறுவன் கிருஷ்ணனை ஈர்த்தது. அதைக் கற்றார். தலைவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் கேள்வி கேட்க, கேள்வியும் விடையுமாகக் கதை வளரும் அந்த முறையே பிற்காலத்தில் அவருடைய நகைச்சுவையின் எலும்புக்கூடாக அமைந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்நாளைய பாலர் நாடகக் குழுக்கள் ஒருவகைப் பள்ளிக்கூடங்கள். ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, பாடி, ஆடி, மனப்பாடம் செய்து பிள்ளைகள் வளர்ந்தார்கள். நான்காம் வகுப்போடு நின்ற கல்வி கிருஷ்ணனுக்கு அங்கே தொடர்ந்தது.

திரையுலகில்

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-இல். சில ஆண்டுகளில் நாடகக் கலைஞர்கள் வரிசை வரிசையாகத் திரைக்கு வந்தார்கள். கிருஷ்ணனும் வந்தார். 1936-இல் வெளிவந்த சதி லீலாவதி அவருடைய தொடக்ககாலப் படங்களில் குறிப்பிடத்தக்கது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம். ஜி. ஆர். சிறு வேடத்தில் அறிமுகமானதும் அதிலேதான். குடியால் கெட்ட ஒருவன் இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைப்பது அக்கதையின் ஒரு பகுதி. கடல் கடந்து தேயிலைக் காட்டில் வதைபட்ட தமிழரின் வாழ்வைத் தமிழ்ப் படம் அத்தனை விரைவில் தொட்டது வியப்புக்குரியது. புராணக் கதைகளே பெரிதும் ஆண்ட காலம் அது என்பதை மறக்கலாகாது.

அதே காலத்தில் வசந்தசேனா என்னும் படத்திற்காகக் குழுவினர் பூனாவுக்குப் பயணமானார்கள். அந்தப் பயணத்திலேதான் திருவரங்கத்தைச் சேர்ந்த நடிகை டி. ஏ. மதுரத்தை அவர் சந்தித்தார். நட்பு காதலாகி, காதல் திருமணமாயிற்று. நாம் மூன்று மணி நேரத்தில் ரயிலேறிச் சென்று வரும் பூனாவில் தமிழ்த் திரையின் புகழ்பெற்ற இணை உருவானது என்பது, மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. மதுரம் அவருக்கு மனைவி மட்டும் அல்லர்; தொழிலில் சம பங்காளி. கிருஷ்ணன் ஒன்று சொன்னால் மதுரம் மறுத்துக் கேட்பார். அவர் மடக்கினால் இவர் விழிப்பார். பெண்ணை அடித்தும் ஏசியும் சிரிப்பு மூட்டிய காட்சிகள் மலிந்திருந்த நாளில், பெண்ணும் அறிவுடன் வாதாடும் நகைச்சுவையை இவ்விருவரும் வளர்த்தார்கள்.

கிருஷ்ணனின் தொழில்முறையும் தனிப்பட்டது. படத்தின் கதையை ஒருவர் எழுத, நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவினரோடு அவரே தனியாக உருவாக்கிக் கொடுப்பார். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி முதலானோர் அந்தக் குழுவில் விளங்கினர். உடுமலை நாராயண கவியின் பாடல்கள் அவருக்குப் பெருந்துணை புரிந்தன. 1940-இல் வந்த சகுந்தலை படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் இசைக்காக மக்கள் திரண்ட படம் அது. அரசனின் கணையாழி மீன் வயிற்றில் கிடைக்கும் பழைய கதையில் மீனவருக்கு ஒரு சிறு இடந்தான் உண்டு. கிருஷ்ணனும் துரைராஜும் மீனவராக வந்து போடும் சண்டை, அரசனையும் முனிவரையும் சற்று நேரம் மறக்கச் செய்துவிடுகிறது. பெரியோர் கதையின் ஓரத்தில் நின்ற உழைப்பாளியைத் திரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் கையாண்ட முறை. ஒரு படத்தில் அன்று. படத்துக்குப் படம் அவ்வாறே செய்தார்.

சிறையும் மீட்சியும்

புகழின் உச்சியில் இருந்தவரை ஊழ் பற்றியது. சென்னையில் மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் என்பவர் 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைதானார்கள். 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பாகவதரின் ஹரிதாஸ் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த நேரம். அப்படத்தில் கிருஷ்ணனும் நடித்திருந்தார். திரையில் மக்களை மகிழ்வித்த இருவரும் சிறைக் கம்பிகளுக்குள் இருந்தார்கள். உயர்நீதி மன்றத்தில் முதலில் செய்த முறையீடு தோற்றது. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. மறு விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்வு சிறையில் கழிந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளும் குழு கலைந்துவிடவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. மதுரம் துணிந்து நின்றார். எஸ். வி. சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். என். எஸ். கே. நாடக சபை ஊர் ஊராக நாடகம் நடத்தியது. அவர்கள் நடத்திய பைத்தியக்காரன் நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1947-இல் படமாகவும் வந்தது. சிறை மீண்ட கிருஷ்ணனும் அதில் தோன்றினார். தலைவன் இல்லாதபோதும் நடக்கும் தொழிலே உண்மையான கூட்டுத் தொழில். பலர் சேர்ந்து ஒரு சோதனையைச் செய்யும் நம் ஆய்வுக்கூடங்களுக்கும் இது பொருந்தும்.

பாகவதர் விடுதலையான பிறகு பழைய நிலைக்கு மீள முடியவில்லை. அவருடைய தேனிசை குன்றவில்லை, காலம் மாறிவிட்டது. அரசிளங்குமரர்களின் காதற் கதைகளிலிருந்து மக்கள் மனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கிருஷ்ணனோ முன்னினும் உயர்ந்தார். அவருடைய சரக்கு அன்றாட வாழ்வு. வாழ்வு மாற மாற அதுவும் மாறி வளர்ந்தது. அவ்வாண்டிலேயே நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டம் சூட்டினார். பெற்றோர் இட்ட பெயரைவிட அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நந்தனும் கிந்தனும்

1949-இல் வந்த நல்லதம்பி, கலைவாணர் படங்களில் மணிமகுடம் என்று நான் சொல்வேன். அறிஞர் அண்ணா எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை இன்னும் பார்க்காத நண்பர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நந்தனார் கதை நாம் அறிந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனையாகப் பாடினார். பண்ணையில் அடிமைப்பட்ட நந்தன் தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. மனிதரால் ஆகாத அந்த வேலை இறைவன் அருளால் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. கடைசியில் நந்தன் நெருப்பில் மூழ்கித் தூய்மை பெற்று ஆண்டவனை அடைகிறான். உருக்கமான கதை. ஆனால் நந்தனுடைய சேரி மறுநாளும் அப்படியேதான் இருந்திருக்கும்.

கலைவாணர் அதே காலட்சேப முறையைக் கையாண்டு, நந்தனுக்குப் பதிலாகக் கிந்தனைப் படைத்தார். கிந்தனும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளையே. அவனுக்குத் தில்லை மேல் ஆசையில்லை. பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை. உள்ளூரில் இடம் இல்லை என்றதும் பட்டணம் புறப்படுகிறான். அவனைச் சுமந்து செல்வது ரயில் வண்டி. இன்னார் இனியார் என்று பாராமல் எல்லோரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் அந்த ரயிலைக் கலைவாணர் மனமாரப் போற்றுகிறார். கிந்தன் படித்துக் கல்வித் துறையில் அதிகாரியாகி ஊர் திரும்புகிறான். நந்தனுக்கு நெருப்பு செய்ததைக் கிந்தனுக்கு நீராவி செய்துவிட்டது!

இதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. தெய்வம் வந்து வேலையை முடித்துக் கொடுத்தால் ஒரு நந்தன் விடுதலை பெறுகிறான். பள்ளிக்கூடமும் ரயிலும் வந்தால், சீட்டு வாங்கிய அத்தனை கிந்தன்களும் விடுதலை பெற வழி பிறக்கிறது. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்தவன் நான். நம் மன்றத்தில் இருக்கும் பலரும் அவ்வாறு வந்தவர்களே. நாம் எல்லோரும் ஒருவகையில் கிந்தனின் பேரப்பிள்ளைகள் அல்லவா?

பொத்தானும் இட்டலியும்

மதுரத்தோடு கலைவாணர் பாடிய விஞ்ஞானப் பாட்டு ஒன்று தமிழகம் எங்கும் பரவியது. அறிவியலை வளர்த்தே தீருவேன் என்று கணவர் கனவு காண்கிறார். பொத்தானை அமுக்கினால் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம்! கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்நாளைய அடுக்களையை எண்ணிப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டி, அம்மியில் அரைத்து, உரலில் இடித்து, விறகுப் புகையில் கண் கரித்து, பெண்கள் பகலும் இரவும் உழைத்தார்கள். அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. வேலை என்ற பெயர்கூட இல்லை. அதை வேலை என்று கண்டு, அதைக் குறைக்க இயந்திரம் வேண்டும் என்று திரையில் பாடியவர் கலைவாணர்.

ஏறத்தாழ அதே காலத்துப் படம் ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். சார்லி சாப்ளினின் மாடர்ன் டைம்ஸ் 1936-இல் வெளிவந்தது. அதிலும் உணவூட்டும் இயந்திரம் ஒன்று வருகிறது. தொழிலாளி சாப்பிடும் நேரத்தை மிச்சப்படுத்தி இன்னும் வேலை வாங்குவதற்காக முதலாளிக்குக் காட்டப்படும் இயந்திரம் அது. கடைசியில் அது பழுதாகிச் சாப்ளினின் முகத்தில் அடிக்கிறது. ஒரே கருவி, இருவேறு பார்வை! சாப்ளின் கண்டது ஆலைகள் பெருகிவிட்ட நாடு; அங்கே இயந்திரம் மனிதனுக்கு எசமானன் ஆகிவிட்டது. கலைவாணர் கண்டது கைவேலையே கதியென்று கிடந்த நாடு. இங்கே பிறப்பை வைத்தும் பெண் என்பதை வைத்தும் சுமையை ஏற்றினார்கள். அதை இறக்கிவைக்க இயந்திரம் தேவைப்பட்டது. இருவரும் சொன்னது மெய். இயந்திரம் நல்லதா கெட்டதா என்று கேட்பதால் பயனில்லை. அது யார் முதுகுச் சுமையை இறக்குகிறது, யார் முதுகில் ஏற்றுகிறது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பாட்டை என் சித்தப்பாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அவர் தாராவியில் இருபதாண்டுகளுக்கு மேலாக இட்டலி வியாபாரம் செய்கிறார். விடியுமுன் எழுந்து அவித்து, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, ஒலிப்பானை அமுக்கியபடி தெருத்தெருவாகச் செல்லும் நம்மவர்களில் அவரும் ஒருவர். பாட்டைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாவரைக்கும் கிரைண்டர் வந்ததால் சித்தியின் தோள்வலி போயிற்று, ஆனால் முன்னைப்போல் மூன்று மடங்கு மாவு அரைக்க வேண்டியதாயிற்று என்றார். இட்டலியே பொத்தானில் வந்துவிட்டால் தமக்கு என்ன வேலை என்றும் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. சாப்ளினும் கலைவாணரும் ஒரு மனிதருக்குள்ளேயே அமர்ந்து வாதாடியது போல் இருந்தது அது.

மாவரைக்கும் மின் இயந்திரம் கோயம்புத்தூரில் உருவானது 1950-களில். கலைவாணர் பாடியதில் ஒரு பாதி அவர் வாழ்நாளிலேயே நிறைவேறத் தொடங்கிவிட்டது. மறுபாதி, அதாவது வேலை போனவனுக்கு வழி என்ன என்பது, இன்னும் நம் முன் நிற்கிறது. அந்தப் பாதியையும் அவர் விட்டுவிடவில்லை. 1955-இல் வந்த முதல் தேதி படம் மாதச் சம்பளக்காரரின் கதை. சிவாஜி கணேசனோடு கலைவாணர் நடித்தார். சம்பள நாளில் வீட்டில் விருந்து, மாதக் கடைசியில் வெறும் பை என்னும் நிலையைப் பாட்டில் வைத்துச் சிரிக்க வைத்தார். வேலை போய்விட்டால் ஒரு குடும்பம் எப்படி நிலை குலையும் என்பதை அந்தப் படம் கண்ணெதிரே காட்டியது.

கொடுத்து வாழ்ந்தவர்

1951-இல் இந்தியத் திரைக் கலைஞர் குழுவில் ஒருவராக, இயக்குநர் கே. சுப்பிரமணியம் முதலானோருடன் கலைவாணர் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். அவ்வாண்டிலேயே மணமகள் படத்தை இயக்கினார். மறு ஆண்டில் பணம் படத்தை இயக்கினார். வரதட்சணைப் பேராசை குடும்பங்களைக் குலைப்பதைச் சொன்ன படம் அது. விசுவநாதன், ராமமூர்த்தி என்னும் இரு இளைஞர்களின் பெயரும் இணைந்து இசையமைப்பாளராகத் திரையில் வந்தது அதிலேதான். இருவர் உழைத்தால் இருவர் பெயரும் வர வேண்டும் என்ற நியாயம், ஆய்வுக் கட்டுரை எழுதும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

கொள்கையில் அவர் எந்த வேலிக்குள்ளும் அடங்கவில்லை. அண்ணாவின் நெருங்கிய நண்பர். ஆயினும் காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் காந்தி நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. தாம் இளமையில் கற்ற வில்லுப்பாட்டைக் கைவிடாமல், காந்தி மகான் கதையை அந்த முறையில் மேடைகளில் பாடினார். சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரை அந்தப் பணியில் சேர்த்துக்கொண்டார். அவர் பின்னாளில் வில்லிசை வேந்தராகி, 2022 வரை வாழ்ந்து அக்கலையை வளர்த்தார்.

ஈட்டிய பொருளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் கலைவாணருக்கு இல்லை. கேட்டவருக்கும் கொடுத்தார்; கேட்கக் கூசியவருக்கும் கொடுத்தார். கடைசிக் காலத்தில் அவரிடம் செல்வம் மிஞ்சவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அவர் பிறந்த மண் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. அதைக் கண்டு மகிழ்ந்தவர், 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். 49 வயதுகூட நிறையவில்லை. அந்தோ! கோடிக்கணக்கான மக்களைச் சிரிக்க வைத்தவர் அன்று அத்தனை பேரையும் அழ வைத்தார்.

1969 சனவரி 14-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரங்களில் அவரும் மறைந்தார். சென்னையில் கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது.

நமக்கு

கலைவாணர் மறைவதற்கு ஓராண்டுக்கு முன், 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள், நாம் வாழும் இந்தத் திராம்பே மண்ணில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் அணு உலைகளில் ஒன்று அது. அறிவியலை வளர்ப்போம் என்று திரையில் ஒரு கலைஞர் பாட, இங்கே ஓர் அறிஞர் கூட்டம் அதைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டின் பயனை அனுபவிப்பவர்கள் நாம்.

நம் துறையில் கதிரியக்கப் பொருளைக் கையால் தொட எவரையும் விடுவதில்லை. கனத்த சுவருக்கு அப்பால் நின்று, கண்ணாடி வழியே பார்த்து, இயந்திரக் கைகளால் அதைக் கையாளுகிறார்கள். ஓர் உயிருக்கு ஊறு வந்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருக்கிறது. மிக நல்ல கவனம். ஆனால் அதே நாட்டில் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குகிறான், நச்சுக்காற்றில் மாள்கிறான். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதனினும் விரிந்த சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. இயந்திரக் கை செய்யத் தெரியாமலா நாம் இருக்கிறோம்? 2018-இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் சாக்கடைக் குழியைத் தூய்மை செய்யும் பேண்டிகூட் என்னும் இயந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினார்கள். கலைவாணர் பிறந்த ஊருக்கு வெகு தொலைவில் இல்லாத நகரம் அது. இயந்திரம் இருக்கிறது, எல்லா ஊருக்கும் அது போய்ச் சேரவில்லை. குழிக்குள் இறங்குகிறவன் இன்னார் மகன்தான் என்று சமுதாயம் பழைய கணக்கை வைத்திருக்கும்வரை, இயந்திரத்துக்கு அவசரம் வருவதில்லை. அறிவு குறைவு என்று இதை எப்படிச் சொல்வது? யாருடைய உயிரை நாம் உயிர் என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது கோளாறு.

பழைய படங்கள் பொழுதுபோக்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். பொழுதும் போகட்டும், தவறில்லை. ஆனால் சாக்கடைக் குழியில் இறங்குகிறவனையும், விடுதியில் நம் தட்டைக் கழுவுகிறவரையும், தாராவியில் விடியுமுன் எழுகிற இட்டலிக்காரரையும் என் ஆய்வுக் கணக்கிற்குள் கொண்டுவந்து நிறுத்தியவை அந்தப் படங்களே. பாடநூல்கள் எனக்கு இயந்திரத்தின் திறனை அளக்கக் கற்றுத் தந்தன. எந்த அளவுகோலால் அதன் பயனை அளப்பது என்பதை நான்காம் வகுப்பு படித்த ஒரு நடிகர் கற்றுத் தந்தார்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் உலைகளை அமைப்போம்; சிலர் கருவிகளைச் செய்வோம்; சிலர் வகுப்பறைகளில் நிற்போம். ஒன்றைச் செய்து முடித்த பிறகு, இதனால் யாருடைய முதுகு நிமிர்ந்தது, யாருடைய வேலை போயிற்று, போனவருக்கு நாம் என்ன வழி வைத்தோம் என்று கேட்டுப் பார்ப்போம். என் சித்தப்பாவின் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு நம்முடையது. அதை வேறு எவர் தலையிலும் கட்ட முடியாது. வருகிற ஞாயிறு மாலை நல்லதம்பியை மீண்டும் போடுகிறோம். இதுவரை வராதவர்களும் வாருங்கள், சிரியுங்கள், பிறகு உட்கார்ந்து பேசுவோம்.